ஷபானாவும் நானும் செய்த தண்ணீர்

போஸ்டர் கலர் காயும்போது எழும் புளித்த வாசனையும், தெர்மாகோல் உருண்டைகள் உரசும் ‘கீச்’ சத்தமும் சேர்ந்தால், வேங்கிக்கால் வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த என் ஒன்பதாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்துவிடும். அம்மா மஸ்கட்டில் ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா பஸ் கண்டக்டர். பௌர்ணமி வந்தால் ‘ஸ்பெஷல் வண்டி’க்குப் போய்விடுவார். மலை சுற்ற வந்த ஜனத்தால் ஊரே நிரம்பி வழியும் அந்நாட்களில் என்னோடு பேச ஓர் ஆள் இருக்காது. வருஷத்தின் நடுவில் சேர்ந்தவள் என்பதால் பள்ளியிலும் அப்படித்தான்.

அறிவியல் கண்காட்சிக்கு வேதிப்பிணைப்பு மாதிரிகள் செய்ய டீச்சர் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு உப்பு: சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட, இரண்டும் எதிரெதிர் மின்சுமை பெற்று ஒட்டிக்கொள்ளும் அயனிப்பிணைப்பு. இன்னொரு ஜோடிக்குத் தாமிரம்: எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் எலக்ட்ரான்கள் எல்லாவற்றுக்கும் நடுவே திரிகிற உலோகப்பிணைப்பு. எனக்குத் தண்ணீர்: ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு. என் ஜோடி ஷபானா. நான் சேர்வதற்கு முன்பே அம்மை போட்டு லீவில் போயிருந்த அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

“வந்துடுவா. ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க” என்றார் டீச்சர்.

வரவில்லை. அவள் குடும்பம் ஆம்பூருக்கே போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். சிவப்பு உருண்டையில் மிளகும் வெள்ளை உருண்டைகளில் கடுகுமாக, எலக்ட்ரான்களை நானே ஒட்டினேன். அட்டையில் முன்பே எழுதிவிட்ட அவள் பெயரை அடிக்க மனம் வரவில்லை.

கண்காட்சியன்று, இரண்டு டிரிப்புக்கு நடுவே, காக்கிச் சட்டையோடும் தோல்பையோடும் அப்பா ஓடிவந்தார். அட்டையைப் படித்துவிட்டு, “யாரும்மா இந்தப் பொண்ணு?” என்றார்.

“என் ஃப்ரெண்டுப்பா. இப்பதான் சாப்பிடப் போனா.”

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “நீ தனியாவே கெடக்கறியேனு எனக்கு கவலை ஜாஸ்தியா இருந்துச்சு. உங்கம்மாகிட்ட சொல்லணும்” என்றபடி வண்டிக்கு ஓடினார்.

அதன்பின் அம்மா போனில் பேசும்போதெல்லாம் ஷபானாவைப் பற்றிக் கேட்பாள். நானும் கதை கட்டி ஷபானாவுக்கு ஒரு தம்பியை உண்டாக்கினேன். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன். அவளோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆனேன். போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாக இருக்கும்.

அந்த வீட்டை இடித்து இப்போது அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வேலையை விட்டுவிட்டு என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “ஷபானா எப்டிடி இருக்கா?” என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: “உன்கூட அவ இருக்கானுதாண்டி நான் அங்க நிம்மதியா தூங்கினேன்.”

“நல்லா இருக்காம்மா” என்றேன்.