காசுக்காக ஓட்டாதவர்

நான் குடியேறிய வெளிநாட்டில், கிரான்பர்ன் என்ற ஊரிலிருந்து டண்டினொங் மருத்துவமனைக்கு வயதானவர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். வாரம் ஒருமுறை ஏறும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், இளவயதில் இங்கிலாந்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவர். தொண்ணூறு தாண்டியும் முதுகு வளையவில்லை. முன் இருக்கையில்தான் உட்காருவார். நான் பிரேக் போடும்போதெல்லாம் தன் பக்கத்தில் இல்லாத பெடலை வலது காலால் மிதித்துக்கொண்டு, "ரொம்ப சீக்கிரம் போடுற" என்பார்.

ஒருநாள் சொன்னார்: "நான் ஒரு தடவைகூட காசுக்காக ஓட்டினதில்ல. சம்பளத்துக்கு ஓட்டுறவனுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

சம்பளத்துக்கு ஓட்டுகிறவனிடமே இதைச் சொல்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப காரு, பெட்ரோல், டயரெல்லாம் யாரு வாங்கிக் குடுத்தா?"

"எங்கப்பா. சிலோன்ல அவருக்குத் தேயிலைத் தோட்டம் இருந்துச்சு."

எந்தத் தோட்டம் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். எங்கம்மா கூலிக்கு வேலை செய்த தோட்டமாக இருந்திருந்தால் அவரை நடுரோட்டிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

"எங்கம்மா அந்த மலையிலதான் அட்டைக்கடியோட கொழுந்து பறிச்சாங்க. உங்க டயர் தேஞ்சது அவங்க ஒழைப்புல."

"அப்படியா? ரொம்ப நல்ல டீ அது" என்றார்.

அடுத்த சிவப்பு விளக்கில், ஆத்திரத்தில், கடைசி நொடிவரை நான் பிரேக்கைத் தொடவில்லை. வேன் குலுங்கி நின்றது. பயந்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, இப்பதான் ஒழுங்கா ஓட்டுற!"

அந்த மனிதருக்கு உறைக்கும்படி கோபப்படுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.