வலது பின்பக்க ஸ்பீக்கர்

இதை எழுதுவதற்காக எத்தனை வருடம் நோட்டை எடுத்து எடுத்து மூடி வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். படிப்பு எனக்கு எட்டாவதோடு நின்றது. பிழை வரும் என்ற பயம் ஒரு பக்கம், பைத்தியம் என்பார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன், ஞாயிறு பூசையை விட்டதில்லை, தினமும் வீட்டில் ஜெபமாலை உண்டு. செத்தவர்கள் ஆண்டவரிடம் போகிறார்கள், அவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்றுதான் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தேன். யாராவது அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்றால் சிரித்துவிட்டுப் போகிற ஆள் நான். இப்போது நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் ஒரு ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தேன். பெரிய மிஷின், இரண்டு ஆள் வேண்டும். முன்பக்கம் நான் தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதிப்பேன், மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். பின்பக்கம் என் வலது கை ஓரமாக தேவராஜ் நின்று அடித்த தகட்டை எடுப்பான். கோலார் தங்கவயல்காரன், என்னைவிட நாலு வயது சின்னவன். நடுவில் மிஷின் சுவர் மாதிரி நிற்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்த ஷெட்டில் கத்தினாலும் கேட்காது, அதனால் நாங்கள் ஸ்பானரால் மிஷின் உடம்பில் தட்டித்தான் பேசிக்கொள்வோம். இரண்டு தட்டினால் வா என்று அர்த்தம். மூன்று வேகமாகத் தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டினால் மெயினை நிறுத்து என்று அர்த்தம். மெயின் ஸ்விட்ச் என் பக்கம் இருந்தது. மூன்றும் ஒன்றும் கேட்டுவிட்டால் நான் நிறுத்திவிடுவேன், அவன் எட்டிக்கூடப் பார்க்காமல் கையை உள்ளே விட்டுச் சிக்கின தகட்டை எடுப்பான். அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் தேவராஜுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. டீ நேரம் நெருங்கினால் சும்மாவே தட்டுவான், நான் நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் அப்படித்தான் டீ நேரத்துக்கு முன்னால் மூன்றும் ஒன்றும் கேட்டது. விளையாடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த தகட்டை வைத்து மிதித்தேன்.

அவனுக்கு இரண்டு கையும் போயிற்று. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். அந்த நாலு நாளும் நான் வார்டு வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேனே தவிர உள்ளே போகவில்லை. பிறகு விசாரணை நடந்தது. தேவராஜ் தட்டினானா என்று கேட்டார்கள். தட்டவில்லை என்று சொன்னேன். மாதா மேல் சத்தியமாக, வேலை போய்விடும் என்கிற ஒரே பயத்தில் சொன்னேன். மிஷினை நிறுத்தச் சொல்லாமல் அவனே அஜாக்கிரதையாகக் கையை விட்டான் என்று எழுதி முடித்தார்கள். குடித்திருப்பான் என்று அவன் சொந்தக்காரர்களே பேசினார்கள். அவன் மனைவி சரோஜா சர்ச்சில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கீங்களா அண்ணா' என்பாள். சர்ச் சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதை மறைத்தேன்.

அடுத்த வருடமே ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். நான் வயரிங் வேலை கற்றுக்கொண்டு வீடுகளில் ஸ்பீக்கர் மாட்டப் போனேன். ஐ.டி. பிள்ளைகள் எல்லாரும் ஹோம் தியேட்டர் வைத்த காலம்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு சனிக்கிழமை பகல், வைட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட். செந்தில் என்று ஈரோட்டுப் பையன், தங்கமானவன். அமெரிக்கா போய்வந்தபோது வாங்கிய ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தான். கனமான அட்டை, உள்ளே தடியாகப் படப் புத்தகம், இரண்டு பாட்டுத் தட்டு. காலேஜ் காலத்தில் தேய்ந்த கேசட்டில் கேட்ட பழைய ராக் ஆல்பமாம், மிஷின் சத்தம், இரும்புச் சத்தம் எல்லாம் சேர்த்துப் போட்ட பாட்டுகள், அதையே இப்போது ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பிரித்துப் புதிதாக வெளியிட்டிருக்கிறார்களாம். ஹாலில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று நான்தான் மாட்டினேன். மாட்டி முடித்ததும் என்னை நடு சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டு, அவன் எனக்குப் பின்னால் வலது ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு ரிமோட்டை அழுத்தினான்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, இந்தச் சத்தத்துக்கா காசு குடுத்தீங்க? எங்க ஃபேக்டரியில இதைக் கேக்கறதுக்கு மொதலாளி எனக்குச் சம்பளம் குடுத்தான்."

"கேளுங்ணா, போகப் போகப் புடிச்சுப்போயிரும்," என்றான்.

நாலாவது பாட்டில் என் சிரிப்பு நின்றது. முன்பக்கம் இடதில் தகடு வெட்டும் மிஷின் மாதிரி ஒரு சத்தம். நடுவில் கனமாக இறங்கி இறங்கி அடிப்பது பிரஸ். பின்பக்கம் இடதில் காற்றடிக்கிற கம்ப்ரஸர். எங்கள் ஷெட்டில் எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருந்தது. நம்பினால் நம்புங்கள், என் வலது கால் தானாகப் பெடலைத் தேடியது. பாடுகிறவன் ஏதோ இங்கிலீஷில் கத்துகிறான், அதெல்லாம் எனக்கு ஏறவில்லை. அப்போது வலது பின்பக்கத்திலிருந்து இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். மூன்று வேகமாக. கொஞ்சம் விட்டு ஒன்று.

எழுந்தது எனக்கு நினைவில்லை, நடந்தது நினைவில்லை. சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சை என் கை நிறுத்தியிருந்தது. வீடு அப்படியே அடங்கிப் போயிற்று.

"ஏனுங்ணா ஆஃப் பண்ணிட்டீங்க?"

"யாரோ தட்டினாங்க."

"அந்த டக் டக்குன்னு வந்துச்சே, அதுங்களா? எனக்குந்தான் கேட்டுச்சு. அது பாட்டுல வர்றதுங்ணா."

எனக்குப் பைத்தியம் இல்லை என்று காட்டுவதற்காக அவனே மறுபடி போட்டான். அந்த இடம் வந்தது. வெட்டும் மிஷின் இருந்தது, பிரஸ் இருந்தது, கம்ப்ரஸர் இருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை. இன்னொரு தடவை போட்டான். மற்ற நாலையும் கழற்றிவிட்டு அந்த ஒரு ஸ்பீக்கரில் மட்டும் போட்டுக் காதை வைத்துக் கேட்டான். பிறகு என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னான்: "பத்து வருசமா கேக்கற பாட்டுங்ணா இது. இந்த எடத்துல அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. ஆனா கேட்டுச்சு."

அமெரிக்காவில் அதே பெட்டி வைத்திருக்கிற நண்பனிடம் போன் செய்து விசாரித்தானாம், அதிலும் அப்படி ஒரு சத்தம் இல்லையாம். எனக்கு விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. நிறுத்து என்று தட்டினான், நான் நிறுத்திவிட்டேன், பிறகு எதற்குத் தட்டப் போகிறான்?

மறுநாள் பூசை முடிந்ததும் சரோஜாவின் வீட்டுக்குப் போனேன். அவள் காபி போடப் போனாள், வேண்டாம் என்று நிறுத்தி, உட்காராமல் நின்றபடியே சொன்னேன். தட்டினான், எனக்குக் கேட்டது, விளையாட்டு என்று நினைத்து மிதித்தேன், விசாரணையில் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. எத்தனை தட்டு என்றும் சொல்லவில்லை. அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சொன்னாள்.

"ஆஸ்பத்திரில நாலு நாளும் அவருக்குப் பேச்சு இல்ல. ஆனா குதிகாலால கட்டில் கம்பிய தட்டிக்கினே இருந்தாரு. மூணு தட்டுவாரு, அப்பறம் ஒண்ணு. ராத்திரி பகல்னு இல்ல. மத்தவங்க தூக்கம் கெடுதுன்னு நர்சம்மா கம்பிக்குத் துணி சுத்திட்டாங்க. அதுக்கும் மேல தட்டினாரு. வலியில பண்றாருன்னு நெனச்சேன். எதுக்குண்ணா அது?"

அர்த்தத்தைச் சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போகிறேன் என்றபோது, "எழுதிக் குடுங்க, அவங்கப்பா மேல தப்பு இல்லன்னு எம்பொண்ணு படிக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். ஆனால் அதில் வைட்ஃபீல்டு விஷயம் இல்லை, அதனால்தான் முழுவதையும் இப்போது எழுதுகிறேன்.

பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன், சாமியார் மன்னிப்புக் கொடுத்தார், வருடா வருடம் அவனுக்குப் பூசை வைக்கிறேன். பெரிய பெரிய மிஷின் சத்தம் கேட்டால்கூட இப்போது எனக்குப் பயமில்லை. ஒரே ஒரு கேள்விதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது, அதை எந்தச் சாமியாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. நான் நிறுத்தியபோது அவன் செத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நிறுத்தச் சொல்லி அப்போதும் தட்டினான் என்றால், அந்த ஏழு வருடமும் அவன் கை எந்த மிஷினுக்குள் இருந்தது?

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு, 'தட்டவில்லை' என்று நான் சொன்ன இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.