பதினைந்தாவது பெயர்

காதரின் தங்கை கல்யாண விருந்துக்கு எங்கள் பழைய பள்ளி வகுப்பிலிருந்து நான் போயிருந்தேன். தினேஷ் பாதிச் சாப்பாட்டில் வந்து சேர்ந்தான். மாலதி வரவில்லை. மற்றவர்கள் வரமாட்டார்கள் என்பது காதருக்கும் தெரியும். இருந்தாலும் மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அழைப்பிதழில் மலாய் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தமிழ் ஒரு வரிகூட இல்லை. ஏன்டா என்றேன்.

"தமிழ்ல அடிச்சா யாருடா படிக்கப் போறா? நீ படிப்ப. படிச்சிட்டு எழுத்துப்பிழை சொல்லுவ."

நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

அவனுடைய அத்தா வந்து தோளை அணைத்துக்கொண்டபோது நெய்ச்சோற்று மணத்தையும் மீறி அந்த வாடை வந்தது: புதுத்துணியின் கஞ்சியும் பூச்சி உருண்டையும். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பள்ளி நாட்களில் காதரின் வெள்ளைச் சட்டையும் இப்படித்தான் மணக்கும். கண்ணை மூடிக்கொண்டே அவன் எந்த நாற்காலியில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம்.

நான், காதர், மாலதி மூவரும் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இடைவேளையில் மாலதிதான் எங்களுக்கு டீச்சர். கையில் அடிக்கோல் வேறு. "வாளப்பளம் இல்லடா, வாழைப்பழம். நாக்க மடி!" என்று காதரின் உயிரை வாங்குவாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் விரும்பியதாக எனக்கு நினைவில்லை. அதற்கு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழ் எழுதியிருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் வைப்பார்களாம். நான்காம் படிவத்தில், எங்கள் பதினாறாவது வயதில், பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்க மாலதி கிளம்பினாள். எங்களையும் கிளப்பினாள். காதரையும் சேர்த்துச் சரியாகப் பதினைந்து.

என் அப்பா லோரியில் மூட்டை ஏற்றுபவர், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிப் பழகி, கட்டத்துக்கு வெளியே வழியும்படி தமிழில் தன் பெயரைப் போட்டார். "கையெழுத்து மாரி இருக்கா?" என்றார். அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரே பயம். துணைத் தலைமையாசிரியை கையெழுத்துகளைப் பார்க்கவே இல்லை. பெயர்களை மட்டும் பார்த்தார். அவருடைய பேனா காதரிடம் நின்றது.

"இவன் இஸ்லாம் ஆச்சே. இந்தியர் கணக்குல வரமாட்டான்" என்றார் மலாயில். ஒரு கோடு. பதினான்கு.

"டீச்சர், எங்கத்தா என்னைத் தமிழ்லதான் திட்டுறாரு" என்றான் காதர், அதே மலாயில். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோடு மட்டும் அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் தினேஷ் வழக்கம்போல் வாயை விட்டான். "பாய், உன்னால எங்க கிளாஸ் போச்சுலா."

"உங்க கிளாஸா?" என்று கேட்டான் காதர். அவ்வளவுதான் கேட்டான்.

பதினைந்தாவது பெயரைத் தேடி வங்கியில் வேலை செய்யும் ஓர் ஆன்டி வீட்டுக்குப் போனோம். அவர் மகள் எங்கள் பள்ளியில் மாணவர் தலைவி. உட்காரவைத்து மைலோ கொடுத்தார். "ஆசையாத்தான் இருக்கு தம்பி. ஆனா தமிழ் எடுத்து ஒரு ஏ கொறஞ்சா யாரு பதில் சொல்லுவா? நம்ம பிள்ளைங்களுக்கு யூனிவர்சிட்டி சீட்டு கெடைக்கிறதே கஷ்டம்லா."

காதரின் பெயர்மேல் விழுந்த கோடும் இந்தம்மாவின் பயமும் ஆளை இனம் பார்த்துக் கணக்குப் போடும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன என்று இப்போது நினைக்கிறேன். அன்று நினைத்தது, மைலோவில் பால் தாராளம் என்பதுதான்.

வகுப்பு தொடங்கவில்லை. ஷா ஆலமில் வேறொரு பள்ளியில் சனிக்கிழமைகளில் வெளிமாணவர்களையும் சேர்த்துக்கொண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வேனில் போனேன். காதருக்குச் சனிக்கிழமை கடை. மாலதி போகவில்லை. இன்று அவள் அதே ஷா ஆலமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள். விருந்தன்று அவளுக்கு ஷிப்ட்.

போன மாதம் எங்கள் பழைய பள்ளி வாசலில் ஒரு தமிழ்ப் பையனைப் பார்த்தேன். இங்கே தமிழ் வகுப்பு உண்டா என்று கேட்டேன். "தமிழா? இங்கயா அங்கிள்?" என்றான். அங்கிளையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த "இங்கயா"வை என்ன செய்வது? இப்போது யாரும் கேட்டுப் போவதில்லை. கோடு போடுவதற்குக்கூடப் பெயர் இல்லை.

மாலதி ஏன் வேனில் வரவில்லை என்று கேட்பீர்கள். அவள் அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தவர். வேன்காரரிடம் நேரே பேசிப் பார்த்தார்.

"மூணு பிள்ளைங்க அண்ணே. கொஞ்சம் பாத்துக் கொறைங்க."

"டீசல் நானும் காசு குடுத்துத்தானேக்கா போடுறேன்."

அதுவும் நியாயம்தான். இருந்தும் மனசு கேட்காமல் மாதம் எழுபது ரிங்கிட் வேன் காசில் ஐந்து வெள்ளி குறைத்தார். அப்படியும் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு தமிழாசிரியை இல்லாமல் போன கணக்கு அவ்வளவுதான்: மாதம் அறுபத்தைந்து வெள்ளி.