தலைகீழாகத் தொங்கிய கற்றாழை

செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வீடு கொடுத்தபோது, முன்பு அங்கே குடியிருந்த அம்மா மிச்சச் சாமான்களை எடுக்க வந்தார். வயதாகி வேலை நின்றதால் தோட்டத்து வீட்டையும் விட்டு மகனிடம் போக வேண்டியிருந்தது. ஒல்லியான உடம்பு, ரப்பர் பால் கறை போகாத விரல்கள். உட்காரச் சொன்னேன். கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டார்.

“உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா. பாலுக்கு மரம் வெட்டுன காலத்துலேர்ந்து இப்படித்தான்.”

அவர் தலைக்கு மேலே, திருஷ்டிக்காக அவரே தலைகீழாகக் கட்டிய கற்றாழை தொங்கியது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. மடல்கள் சுருங்கிவிட்டன, நுனிகள் மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து மேலே வளைந்திருந்தன.

“இதையும் மகன் வீட்டுக்குக் கொண்டு போறீங்களாம்மா?”

“அங்க எனக்கே ஒரு மூலதான் லா. நீ அவுத்து மண்ணுல வெச்சிரு. தன் சதையத் தானே தின்னுக்கிட்டு எவ்ளோ நாளா தொங்குது. அதுக்கும் அலுப்பா இருக்கும்.”

அவர் கண்ணெதிரிலேயே நட்டேன். பிறகு அது சதைபிடித்து, பக்கத்தில் கன்றுகள்கூட விட்டது.

அன்று அவர் சாமான்களை ஏற்ற லாரி வரச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை அவர் உட்காரவே இல்லை.