வேதத்தில் இல்லாத தாத்தா

போன டிசம்பரில் எங்கள் தெருவுக்கு மூன்று கரோல் வண்டிகள் வந்தன. ஒன்று கத்தோலிக்கர்களின் ஆர்.சி. கோயில் வண்டி. இன்னொன்று நான் பிறந்து வளர்ந்த புராட்டஸ்டண்ட் சபையினுடையது. மூன்றாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பெரிதாகக் கட்டடம் எழுப்பியிருக்கும் பெந்தெகொஸ்தே சபையினுடையது. என் மனைவி அங்கேதான் போகிறாள். மூன்றும் வேறு வேறு நாளில் வந்தன. மூன்றிலும் நல்ல மைக், நல்ல பாட்டுக்காரர்கள். பெந்தெகொஸ்தே வண்டியில் மட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா கிடையாது. ஒரு வண்டியில் வந்தவர்களுக்கு மற்ற வண்டியில் வந்தவர்களின் முகம் தெரியாது என்பதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இருபது வருடங்களுக்கு முன்னால் புதுப்பட்டினத்தில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வண்டிதான் இருந்தது. அது மீன் ஏற்றும் டெம்போ. டிசம்பர் பிறந்தால் அதை ஃபினாயில் ஊற்றிக் கழுவி, வண்ணக் காகிதம் ஒட்டி, சீரியல் பல்பு கட்டுவோம். எவ்வளவு கழுவினாலும் நெத்திலி வாசனை போகாது. அன்றைக்கு எந்தச் சபையிலும் தனியாகக் கரோல் போக ஆள் இல்லை. கல்பாக்கத்தில் வேலை கிடைத்துத் தெற்கிலிருந்து வந்த சில குடும்பங்கள், கடலோரக் குப்பத்து ஆர்.சி. குடும்பங்கள், என்னைப் போல இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர்கள் சிலர். எல்லோரையும் சேர்த்தால்தான் ஒரு பாட்டுக்குழு தேறும். அதனால் சேர்ந்தோம். ஒற்றுமை என்று பெரிதாக யாரும் நினைக்கவில்லை.

பாட்டை எடுத்துக் கொடுப்பவர் திருநெல்வேலிக்காரர். கல்பாக்கம் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார், என் சபைதான். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். டெம்போவின் சொந்தக்காரர் குப்பத்து ஆர்.சி., அவர்தான் ட்ரம் அடிப்பார். கிட்டார் வாசிப்பவர் நாகர்கோவில் பக்கத்து எலக்ட்ரீஷியன். பெந்தெகொஸ்தேகாரர் என்பதால் பிரதர் என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டது.

நான் தாத்தா.

நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு காண்ட்ராக்டரிடம் ஸ்டோரில் வேலை பார்த்தேன். நாலு பேர் பார்க்கும்படி நின்றால் எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியாது. கோயிலில் கடைசி பெஞ்சு, பந்தியில் கடைசி இலை. அதற்கு முன்பு தாத்தாவாக ஆடிக்கொண்டிருந்தவருக்கு மாற்றல் வந்துவிட, அந்தச் சிவப்பு சாட்டின் உடுப்பு வேறு யாருக்கும் சேரவில்லை.

"நீருதான் வே ஒல்லி. தலையணை கட்ட உம்ம வயித்துலதான் இடம் இருக்கு" என்று அண்ணாச்சி என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

கன்னம் சிவந்த பிளாஸ்டிக் முகமூடி. உள்ளே வியர்வை வழியும், மூச்சு முட்டும், இரண்டு ஓட்டை வழியாகத்தான் உலகம் தெரியும். ஆனால் முதல் வீட்டு வாசலிலேயே ட்ரம் சத்தம் கேட்டதும் என் கால் தானாகத் தூக்கியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, தாத்தாவைத்தான் பார்த்தார்கள். நான் இடுப்பை ஆட்டினேன், பாட்டிமார் கையைப் பிடித்துச் சுற்றினேன். வருடத்தில் அந்தச் சில சாயங்காலங்களுக்காகவே மற்ற மாதங்கள் போயின என்றுகூடச் சொல்வேன்.

கேலிக்குக் குறைவில்லை. ஆர்.சி. வீட்டுக்குப் போனால் மாதா பாட்டு ஒன்று பாட வேண்டும். அந்த நேரம் பார்த்து, மாதாவை வணங்காத பிரதருக்கு கிட்டார் கம்பி தளர்ந்துவிடும், திரும்பி நின்று முறுக்கிக்கொண்டே இருப்பார். பாட்டு முடிந்ததும் கம்பி சரியாகிவிடும். "மாதா வந்தாலே உங்க கம்பிக்கு இன்னா ஆவுது பிரதரு" என்று ட்ரம்காரர் கேட்பார். பிரதர் சிரிப்பார். பெந்தெகொஸ்தே வீட்டில் ஜெபம் ஆரம்பித்தால் லேசில் முடியாது. அப்போது ட்ரம்காரர் பீடி பற்ற வைக்க டெம்போ பக்கம் போய்விடுவார். அவரவர் எங்கே ஒதுங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒதுங்க இடம் விட்டு நின்றோம்.

அந்த நாட்களில் என் மனைவிக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரை வாசித்து ஜெபித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்ததும் பாத்திரம் தேய்த்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டதும் பெந்தெகொஸ்தே பெண்கள். அவள் அவர்களோடு போக ஆரம்பித்தாள். பிறகு முட்டுக்காட்டுப் பக்கம் உப்பங்கழியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அந்தச் சபையில் நகை கூடாது என்பதால் கம்மலைக் கழற்றி வைத்தாள். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? அவள் அழுதபோது வந்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது முறை அவள் உண்டாகி ஐந்து மாதம் ஆகியிருந்தபோது நவம்பர் வந்தது. ஒரு ஞாயிறு சபையிலிருந்து வந்தவள், சேலைகூட மாற்றாமல் சொன்னாள்:

"இந்த வருசம் நீங்க அத்த போட வேணாங்க."

"எத்த?"

"தாத்தா மூஞ்சிய. பொய் மூஞ்சியாம். ஆண்டவரு பொறந்த நாளுல ஆண்டவரையே மறைச்சிகினு அது நிக்கிதாம். பாஸ்டர் சொன்னாரு."

"புள்ளைங்களுக்கு முட்டாய் குடுக்கிறதுதானே."

"எனக்கு பயமா கீதுங்க" என்றாள். கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

அவள் பயந்தது எதற்கு என்று புரிந்துவிட்டது. நான் முகமூடி போட்டு ஆடி, இந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிட்டால், காலம் முழுக்க அவள் என்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும்? ஆடாமல் விட்டால் அந்தப் பயம் சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். இன்றைக்கு முகமூடிக்குப் பயந்தவள் நாளைக்கு எதற்கெல்லாம் பயப்படுவாள்?

பாட்டுப் பழக அண்ணாச்சி வீட்டு ஹாலில் கூடியபோது, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். குழந்தை விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், தாத்தா வேடம் தப்பா என்று மட்டும் கேட்டேன்.

"வேதத்துல இதச் செய்யாதேன்னு எங்க வே போட்ருக்கு?" என்றார் அண்ணாச்சி. "போடலைல்லா. அப்ப செய்யலாம்."

"செய்யணும்னு எங்க அண்ணாச்சி போட்டிருக்கு?" என்றார் பிரதர், கிட்டாரைப் பார்த்தபடி. "போடல இல்லியா. அப்ப நமக்கு அது எதுக்காக்கும்?"

"இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு" என்றார் ட்ரம்காரர். "எங்க அப்பன், அவுங்க அப்பன் எல்லாம் பண்ணிகினு வந்தது. ஃபாதர் வேணாம்னா வேணாம். அவரு இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லட்டும், அப்பால பாத்துக்கலாம்."

"உமக்குப் பசிச்சாக்கூட ஃபாதர்ட்ட கேட்டுத்தான் சாப்பிடுவீரு."

"உங்களுக்கு கேக்க ஆளு இல்ல அண்ணாச்சி. அதான் ஆளுக்கு ஒரு சபை வெச்சிகினு கீறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிரதரும் சிரித்தார். பிறகு என்னிடம், "பாட்டுக்கு நான் வருவேன் பிரதர். ஆனா தாத்தா ஆடும்போது வாசிக்க மாட்டேன். மனசு ஒப்பல" என்றார். சண்டை போடுகிற குரலில் இல்லை.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த மூன்று பதில்களும் என்னோடேயே வந்தன. சபைகள் ஏன் பிரிந்தன என்பதற்குப் படித்தவர்கள் பெரிய பெரிய காரணம் சொல்லக்கூடும். நான் கண்ணால் பார்த்தது இதுதான். வேதம் ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருவருக்கு அது அனுமதி. ஒருவருக்கு அது தடை. இன்னொருவர் பெரியவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். மூன்று பேரும் கடவுளுக்குப் பயந்தவர்கள், மூன்று பேரும் எனக்கு வேண்டியவர்கள். திருவிருந்து அப்பம், ஞானஸ்நானம் போன்ற பெரிய விஷயங்களில் வேதம் பேசியதையே ஆளுக்கு ஒரு மாதிரி படிக்கிறார்கள். அதையெல்லாம் தீர்த்துச் சொல்ல நான் யார்? எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில். அந்தக் கேள்வியை அந்த ஹாலில் நான் கேட்கவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அவளோடு நானும் போனேன். அப்போது சபை ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. ஜெபம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் பாஸ்டர் முன்னால் போய் நின்றேன். என்னைவிடச் சின்னவர், ஒடிசலான ஆள். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மொட்டையாகக் கேட்டுவிட்டேன்:

"நான் தாத்தா வேசம் போட்டா எங்க கொழந்தைக்கு ஏதாவது ஆவுமா?"

அவர் பாயைக் கீழே வைத்தார்.

"கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டாம்னு சொன்னேன் பிரதர். அத இன்னொரு தடவையும் சொல்லுவேன். ஆனா கொழந்தைய நான் எங்க இழுத்தேன்?" பிறகு அவளிடம் திரும்பினார். "சிஸ்டர், அப்படி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சிகினேன்" என்றாள். பிறகு, "முன்னாடி ரெண்டும் அப்படித்தானே போச்சி. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு" என்றாள்.

அவள் இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

பாஸ்டர் உடனே வசனம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "முகமூடியப் பாத்து கொழந்தைய எடுத்துக்கிற ஆண்டவர நான் பிரசங்கம் பண்ணல சிஸ்டர். அந்த ரெண்டும் உங்க தப்பால போகல. இத நான் இன்னும் முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாள் அழுத அழுகை வேறு, இது வேறு.

தாத்தாவைப் பற்றி அவர் சொன்னது சரியென்று எனக்கு அன்றும் படவில்லை, இன்றும் படவில்லை. ஆனால் அவள் பயத்தை அப்படியே விட்டிருந்தால் அவர் போதனைக்கு அது வசதியாக இருந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு முகமூடியைக் கழற்றியிருப்பேன், அவர் ஜெயித்திருப்பார். அவர் அப்படி ஜெயிக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சபையின் பிரசங்கத்தைக் கேட்டாலும் நான் இதைத்தான் கவனிக்கிறேன். சொன்னவரிடம் போய்க் கேள்வி கேட்க முடிகிறதா? கேட்டு வந்தவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள், லேசாக இருக்கிறார்களா, இல்லை நடுங்குகிறார்களா? இந்த அளவுகோலில் என் சொந்தச் சபையும் சில ஞாயிறுகளில் தேறுவதில்லை.

சவுக்குத் தோப்பைத் தாண்டி நடந்தோம். பிறகு, "போட்டுக்கோங்க" என்றாள். "ஆனா நம்ம வூட்டு வாசல்ல வேணாம். தப்புன்னு மனசுல பட்டுச்சி, அத நான் மாத்திக்க முடியாது."

"சரி" என்றேன். அவள் பயம் போயிருந்தது. மிச்சம் இருந்தது அவள் நம்பிக்கை. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு டெம்போ வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே முகமூடியைக் கழற்றி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். சிவப்பு உடுப்பு, தலையணை வயிறு, அதற்கு மேலே வியர்த்து வழிந்த என் சொந்த முகம். தெருவே நின்று பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவரை தாத்தா நான்தான் என்றே தெரியாது. பாட்டு முடிந்து ட்ரம் ஆரம்பித்தது. என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

வாசல்படியில் அவள் நின்றிருந்தாள்.

"இன்னாங்க, ஊரு வூட்ல எல்லாம் ஆடிட்டு நம்ம வூட்ல வந்து கம்பம் மாதிரி நிக்கிறீங்க" என்றாள்.

ஒரு காலைத் தூக்கினேன். பிறகு மற்றக் காலை. நன்றாக ஆடினேன் என்று சொல்ல முடியாது. பாதியில் பார்த்தால் கிட்டார் சத்தமும் சேர்ந்து கேட்டது. பிரதர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். தலையணை கயிறு அவிழ்ந்து தொடைக்கு இறங்கியது. நான் அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆட, அவளும் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மெதுவா சிரி தங்கச்சி" என்றார் ட்ரம்காரர், அடிப்பதை நிறுத்தாமல். "உன்னுது தலகாணி இல்ல."