டி.நம்பர் பதினாலைத் தேடியவர்கள்

ஒரு மனிதன் தன் சொந்தக் கதையை, தன் சொந்த வீட்டில், தன் சொந்த மனைவியின் வாயால், எவனோ ஒருத்தன் கதையாகக் கேட்க நேர்வதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இன்னும் ஒரு பிரிவு எழுதப்படவில்லை. ஆரணி கமலக்கண்ணனுக்கு அந்த அநியாயம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நடந்தது.

கமலக்கண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது தொழில். தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு, எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று ஓட்டை போட்ட அட்டைகளால் உத்தரவு கொடுப்பவர் அவர். இருபத்திரண்டு வயதில் பாகற்கொடி பார்டர் ஒன்று போட்டார். பெருமை தாங்காமல் அதை டீக்கடையில் விரித்துக் காட்டினார். ஐந்தாம் நாள் அதே பாகற்கொடி ஊரில் பதினோரு தறியில் காய்த்துத் தொங்கியது.

அன்றோடு அவர் திருந்தினார். புது டிசைனை வெளியே காட்டாமல் வைப்பது ஆரணியில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். கமலக்கண்ணன் அதை மதமாகவே ஆக்கிக்கொண்டார். அவர் வீட்டிலிருந்து அட்டைக்கட்டு பழைய வேட்டி சுற்றித்தான் வெளியேறும். உள்ளே என்ன என்று யார் கேட்டாலும் "டி.நம்பர் நானூத்தி ஆறு" என்பார். டி என்றால் டிசைன்; அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இப்பேர்ப்பட்டவர் சென்ற வருஷம் பாட்காஸ்ட் ஆரம்பித்தார்.

காரணம் நியாயமானது. கைத்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கை நாடாக் கயிற்றில், கால் மிதியில், கண் பாவு நூலின்மேல். சும்மா இருப்பது காது ஒன்றுதான். ஊரில் அத்தனை காதுகளிலும் ஹெட்செட் மாட்டியிருந்தது. அதில் கண்டவனெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். கமலக்கண்ணனிடமோ முப்பது வருஷத்துச் சரக்கு இருந்தது: கடைக்குப் போய்த் திரும்பி வந்த புடவைகள். ஒவ்வொரு புடவையும் ஒரு காரணத்தோடு திரும்பி வரும். காரணத்துக்குள் ஒரு குடும்பமே இருக்கும். இதைச் சொல்ல இவரை விட்டால் யார்?

சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார் என்பதுதான் விசேஷம். நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தால் எவனாவது அடித்துவிடுவான் என்று "டி" என்று மட்டும் வைத்தார். கதைகளுக்குத் தலைப்பு கிடையாது, டி.நம்பர் ஒன்று, டி.நம்பர் இரண்டு. முகப்புப் படம் மடித்து வைத்த வெள்ளை வேட்டி. விவரக் குறிப்பு காலி. தன் பெயரையும் சொல்லவில்லை; சொன்னால் தெருவைக் கண்டுபிடித்துவிடுவார்களே. வெளியிடுவதற்கு நல்ல நாளாகப் பார்த்து அமாவாசையைத் தேர்ந்தெடுத்தார். அமாவாசையன்று ஆரணியில் நெசவாளி தறியில் உட்கார மாட்டான். குளித்து, படையல் போட்டு, சாப்பிட்டு, ஹெட்செட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்குவான்.

பதினாலு அமாவாசைக்குப் பதினாலு கதை வெளியானது. கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு அவருடைய ஃபோன்களே. ஜனங்களுக்கு ரசனை செத்துவிட்டது என்று கமலக்கண்ணன் தீர்ப்பு எழுதி வைத்திருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

மனைவி திலகவதி தறியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா திலகா, சிரிச்சிகினு கீறே?"

"ஐயோ, இதக் கேளுங்க. கலசப்பாக்கத்துல ஒரு கல்யாணமாம். முகூர்த்தப் புடவைய மாப்பிள்ளையோட அத்தக்காரி பிரிச்சிப் பாக்குறா. பார்டர்ல ரெண்டு அன்னமும் முதுகக் காட்டிகினு நிக்குதாம். 'புருஷன் பொண்டாட்டி இப்படித்தான் நிப்பாங்களா'ன்னு ஒரே ரகளை. புடவைய டிசைன் போட்டவர்கிட்டயே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தாளு இன்னா பண்ணான் தெரியுமா? பார்டர் நெடுக அன்னந்தானே, அதே புடவைய அடுத்தடுத்த அன்னம் ரெண்டும் எதிரெதிரா தெரியுற மாதிரி மடிப்ப மாத்தி மடிச்சி, வேற நம்பர் ஒட்டி அனுப்பிட்டான்! அத்தக்காரி பாத்துட்டு, 'இதான் லட்சணம், மூஞ்சியப் பாத்துகினு கீது பாரு'ன்னாளாம்!"

கமலக்கண்ணனுக்குக் காது மடல் சுட்டது. "அந்தாளு நான்டி."

"எது?"

"மடிப்ப மாத்தினவன் நான். அது என் கதை. பதினாலாவதா நான் போட்டது!"

"எங்க போட்டீங்க? எழிலரசன்னு ஒரு தம்பி இல்ல சொல்லிச்சு. நாப்பத்திரண்டாயிரம் பேர் கேட்டிருக்காங்க."

நாற்பத்திரண்டாயிரம்! கமலக்கண்ணன் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தார். "முதுகு காட்டிய அன்னம்: கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த புடவை!" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. யார் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது? புடவை எந்தக் கல்யாணத்தையும் நிறுத்தப் பார்க்கவில்லை. பொய்யும் திருட்டும் சேர்ந்து ஏழு வார்த்தையில் குடித்தனம் நடத்தின.

"உன் புருஷனும் ஒரு வருஷமா பேசிகினுதான் கீறேன். நீ ஒரு நாளாவது கேட்டியா?"

"உள்ள உக்காந்து பேசுறது தெரியும். நிகழ்ச்சி பேரு இன்னான்னு கேட்டதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க? 'அது எதுக்கு உனுக்கு'ன்னீங்க."

உண்மைதான். அவள் அக்கா வீட்டிலும் தறி இருந்தது; சொன்னால் அங்கே போய்விடாதா?

திலகவதி அப்போதே "டி" என்று போட்டுத் தேடினாள். உலகத்தில் டி-யில் ஆரம்பிப்பது எல்லாம் வந்தது, கணவனைத் தவிர. கடைசியில் அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் கேட்க ஆரம்பித்து நாலு நிமிஷத்தில் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"இன்னும் வணக்கமே முடியலீங்களே. கல்யாண மண்டபத்துல மைக் புடிச்ச மாதிரி, அவர்களே அவர்களேன்னு! கையில கயிறு, கால்ல மிதி, எந்தக் கையால நான் இதத் தள்ளுறது? அந்தத் தம்பி வாயத் தொறந்ததுமே அத்தக்காரி புடவையப் பிரிச்சிட்டா. செவ்வாக்கிழமை ஆனா காலைல ஏழு மணிக்கு வந்து நிக்குது. தலைப்பப் பாத்தாலே உள்ள இன்னான்னு தெரியுது. நீங்க அமாவாசைக்கு நம்பரப் போட்டா, எவ தேடுவா? தேடினாலும் எத வச்சித் தேடுவா?"

கட்டிய மனைவியே எதிர்க்கட்சி வக்கீலாகிவிட்ட வீட்டில் ஒரு நிமிஷமும் நிற்க முடியாமல், கமலக்கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போளூர் பஸ் ஏறினார். எழிலரசன் தன் பக்கத்தில் ஊர், கடை, ஃபோன் நம்பர் எல்லாம் போட்டே வைத்திருந்தான். போளூரில் மாறிக் கலசப்பாக்கம் இறங்குவதற்குள், மூன்று பக்கம் வரக்கூடிய வசவு ஒன்றை மனசுக்குள் பிழை திருத்தி முடித்திருந்தார்.

எழிலரசன் மெயின் ரோட்டில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். முப்பது வயசு. கை நிறைய வார்னிஷ்.

"நீதான் எழிலரசனா? அடுத்தவன் கதைய எடுத்து விக்கிறியே, வெக்கமா இல்ல?"

பையன் வாயைப் பிளந்தான். "அண்ணா! டி.நம்பர் அண்ணாதானே? குரலக் கேட்டதுமே தெரிஞ்சிபோச்சு! உக்காருங்கண்ணா, உங்களத்தான் தேடிகினு கீறேன்!"

வசவின் முதல் பக்கம் இப்படி வீணாயிற்று. கமலக்கண்ணன் இரண்டாம் பக்கத்துக்குத் தாவினார். "கேக்காம எடுத்தது தப்பா இல்லையா?"

"தப்புதாண்ணா. கேக்கலாம்னா ஒரு பேரு இல்ல, நம்பர் இல்ல, ஊருகூட இல்ல. கதையில ஆரணின்னு ஒரே ஒரு தடவ வாய் தவறிச் சொன்னீங்க. நான் சொன்னத கடைசி வரைக்கும் கேட்டீங்களா நீங்க?"

கேட்கவில்லை. எழிலரசன் போட்டுக் காட்டினான். முடிவில் அவன் குரல் சொன்னது: 'இந்தக் கதை என்னுது இல்ல. ஆரணிக்காரர் ஒருத்தர் சொன்னது. நிகழ்ச்சி பேரு டி. கதை பேரு டி.நம்பர் பதினாலு. தேடிக் கேளுங்க.'

தேடியிருக்கிறார்கள். அதுதான் கொடுமை. கீழே முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். 'யாரு அந்த ஆரணிக்காரர்?' 'பேரு சொல்லுங்க ப்ரோ.' 'டி.நம்பர் பதினாலுன்னு தேடினா போல்ட்டு நட்டு விக்கிறவன்தான் வர்றான்.' 'ஒன்றரை மணி நேரம் தேடிட்டேன், பேஜாரா போச்சு.'

"அப்போ நீ எப்படிடா புடிச்சே?"

"ஒரு மோட்டார் பேரிங்குக்கு நம்பர் போட்டுத் தேடிகினு இருந்தேண்ணா. நீங்க வந்து மாட்டினீங்க."

முந்நூறு பேர் தன் வாசல் தேடி அலைந்திருக்க, வாசல் பலகையைத் தானே வேட்டியில் சுற்றி உள்ளே வைத்திருந்தது கமலக்கண்ணனுக்கு அந்தக் கடை முக்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. உறைத்ததை அவர் வெளியே காட்டவில்லை. "அந்தப் புடவை கல்யாணத்த நிறுத்தப் பாக்கல. தலைப்ப மாத்து" என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

"மாத்திடறேன். வர்ற செவ்வாக்கிழமை மொத வார்த்தையிலேயே உங்க பேரச் சொல்றேண்ணா. அதுக்குள்ள நிகழ்ச்சிக்கு ஜல்தியா ஒரு பேரு வையுங்க. நாப்பத்திரண்டாயிரம் பேரையும் மறுபடி போல்ட்டுக் கடைக்கு அனுப்பாதீங்க."

நாலு நாள் கமலக்கண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. பெயரைப் போட்டால் திருடுவான். போடாவிட்டால் கதை எழிலரசனுடையதாகவே நின்றுவிடும். "ஆரணிப் பட்டு வடிவமைப்பாளர் வழங்கும் அனுபவச் சிதறல்கள்" என்று ஒன்றை எழுதிக் காட்டினார். திலகவதி, "இதயும் எவனும் திருட மாட்டான், நிம்மதியா இருங்க" என்றாள்.

"அப்ப நீயே சொல்லு."

"உள்ள இன்னா கீதோ அதச் சொல்லுங்க. 'திரும்பி வந்த புடவை.' கேட்டவ, ஏன் வந்துச்சுன்னு கேப்பா இல்ல?"

திங்கட்கிழமை சாயங்காலம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் முகத்தோடு அந்தப் பெயரைப் போட்டார். பதினாலு கதைக்கும் தலைப்பு வைத்தார். வணக்கங்களை வெட்டினார், வெட்டியதில் மட்டும் அறுபத்தோரு நிமிஷம் மிச்சமானது. பெயர் போடும் இடத்தில் "கமல்" என்று போட்டு நிறுத்திக்கொண்டார். மொத்தத்தையும் கொடுத்துவிட முடியுமா?

எழிலரசன் வாக்குத் தவறவில்லை. செவ்வாய் சாயங்காலத்துக்குள் இரண்டாயிரத்து அறுநூறு பேர் வந்து கேட்டிருந்தார்கள். திலகவதி தறியை நிறுத்திவிட்டு வந்து ஃபோனை நீட்டினாள். "பாருங்க, மொத ஆளு கருத்து எழுதியிருக்காரு."

கமலக்கண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'இது எழிலரசன் அண்ணா சொன்ன கதை. சொந்தமா யோசிக்கத் தெரியாதா? காப்பி அடிக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?'

கமலக்கண்ணன் ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, ஒரு வரி எழுத நாலு நாள் எடுத்துக்கொண்ட மனிதர், இரண்டு கட்டை விரலாலும் அடிக்க ஆரம்பித்தார். கமலக்கண்ணன். தகப்பனார் பெயர் மாணிக்கவேல். கதவு எண். தெரு. கோயிலிலிருந்து எத்தனையாவது வீடு. வாசலில் என்ன நிறப் பெயிண்ட். ஃபோன் நம்பர் இரண்டும். அன்னப் புடவை எந்த வருஷம், எந்த மாசம், எந்த டி.நம்பர், இரண்டாந்தரம் ஒட்டிய நம்பர் எது. பிறகு அடுத்து சொல்லப்போகும் ஆறு கதைகளின் பெயர்கள், வரிசையாக, இதையெல்லாம் எவன் சொன்னாலும் முதலில் சொன்னவன் நான் என்பதற்கு அத்தாட்சியாக.

"எல்லாத்தயும் எழுதிட்டீங்களே" என்றாள் திலகவதி.

"நேர்ல வரச் சொல்லு அவன!" என்று கத்திவிட்டு, கமலக்கண்ணன் அனுப்பும் பொத்தானை அமுக்கினார். போதாதென்று அன்னப் புடவையின் அட்டைக்கட்டையும் வேட்டி பிரித்துப் படம் பிடித்துக் கீழே போட்டார்.