செங்கல் நிறம் காட்டிய குழாய்

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் வீதியில் இருந்த டாக்டரிடம், சிறுநீரைக் காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். விரல் நுனிகளில் எப்போதும் நீலக் கறை. யாரிடம் பேசினாலும் கையிலுள்ள கண்ணாடிக் குழாயைப் பார்த்தே பேசுவார். திமிர் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதமாக என் வீட்டுக்காரரின் குழாயில் நீல மருந்து செங்கல் நிறமாகவே மாறியது. சர்க்கரை ஏறுகிறதென்று டாக்டர் அதை இறக்கும் ஊசி மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார். அன்று பெஞ்சில் சாய்ந்திருந்தவருக்குச் சட்டை நனைய வியர்த்தது, கை நடுங்கியது. உள்ளே அடுத்த ஊசி தயாரானது. "வேற ஏதாச்சும் மருந்து குடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

குழாய்க்காரர் அன்றைய முடிவைச் சீட்டில் எழுதவில்லை. குழாயைத் திருப்பிக்கொண்டே, "அம்மிணி, காலையில வெறும் வயித்துல என்னங்க குடுக்கறீங்க?" என்றார்.

"நெல்லிக்காய்ச் சாறுங்க. ஒரு சொம்பு. காங்கேயத்து வைத்தியர் சொன்னாருங்க."

"சர்க்கரை இல்லாட்டியும் அது இந்த மருந்தச் செவக்க வெக்குமுங்க" என்றவர் உள்ளே ஓடினார். "ஊசி வேண்டாமுங்க! சர்க்கரை எறங்கிக் கெடக்குதுங்க, அதான் இப்படி வேர்க்குது!"

சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். கால் மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன் அம்மிணி அழுகறே?" என்றார்.

சாறும் மருந்துக் கணக்கில் வருமென்று தெரியாது என டாக்டரிடம் சமாளித்தேன். அது பாதி உண்மை. வைத்தியரிடம் போனதற்குத் திட்டுவாரென்ற பயம் மீதிப் பாதி. குழாய்க்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால், அவரிடமும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.